தையல் சந்தேகங்கள்: தாம்பூலப் பை முதல் மிக்ஸி உறை வரை

கொலு நெருங்குவதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பை பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறோம். அளவுகள் அங்குலத்தில், துணி வாங்கும் கணக்கு மட்டும் கடை வழக்கப்படி மீட்டரில்.

கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு, தேங்காயோடு கொடுக்க 50 துணிப் பைகள் நானே தைக்க ஆசை. எத்தனை மீட்டர் துணி வாங்க வேண்டும்? என்ன அளவில் வெட்ட வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

அளவைத் தேங்காயை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உரித்த நடுத்தரத் தேங்காயின் சுற்றளவே 14 அங்குலத்தைத் தொடும். தட்டையான பையின் அகலம் 7 என்றால் உள்சுற்று சரியாக 14 தான். காயை அமுக்கி உள்ளே போட்டுவிடலாம். வாங்கிப் போனவர் வெளியே இழுக்கும்போது ஓரத் தையல் விட்டுவிடும். அதனால் தைத்து முடித்த பின் 9 அகலமும் 10 உயரமும் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் ஒரு தேங்காயும் இரண்டு பழமும் பையின் மூலையில் தொங்கும், பார்க்க நன்றாக இருக்காது.

அடிப்பக்கம் மடிப்பாக வரும்படி ஒரே துண்டாக வெட்டுங்கள். அகலம் 10½ (இரு பக்கத் தையலுக்கும் முக்கால் அங்குலம்), நீளம் 23 (10 + 10, மேல் மடிப்புக்கு இரு முனையிலும் 1½). 44 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியில் ஒரு வரிசையில் நான்கு துண்டு வரும். 50 பைக்கு 13 வரிசை, அதாவது 299 அங்குலம். கைப்பிடி ஒன்றுக்கு 11 நீளம், 2 அகலம். பைக்கு இரண்டு வீதம் நூறு கைப்பிடி. ஒரு குறுக்குப் பட்டையில் நான்கு கைப்பிடி வருவதால் 25 பட்டை, 50 அங்குலம். மொத்தம் 349 அங்குலம், கிட்டத்தட்ட 8.9 மீட்டர். நனைத்தால் சுருங்கும் துணியையும் சேர்த்து 9½ மீட்டராக, ஒரே துண்டாக வாங்குங்கள். மீட்டர் மீட்டராகக் கிழித்து வாங்கினால் ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு வரிசை போக 16 அங்குலம் வீணாகும்.

கைப்பிடி மடித்துத் தைப்பதுதான் இதில் அதிக நேரம் தின்னும் வேலை. அரை அங்குலப் பருத்தி நாடா 28 மீட்டர் வாங்கிவிட்டால் அந்த வேலை முழுவதும் மிச்சம். அதைத்தான் சிபாரிசு செய்வோம்.

ஓரத்துக்கு ஓவர்லாக் (ஓர இழை பிரியாமல் பின்னும் மெஷின்) இல்லாவிட்டால் பிரெஞ்ச் சீம் போடுங்கள். உள்பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறைப் பாதியாக வெட்டி, பையைத் திருப்பி, மூலையை விரலால் தள்ளி, இஸ்திரி போட்டு, இப்போது ⅜ அங்குலத்தில் இரண்டாவது தையல். பிசிறு உள்ளே அடைபட்டுவிடும். பிசிறை வெட்டாமல் திருப்பினால் நல்ல பக்கத்தில் நூல் மீசை எட்டிப் பார்க்கும். மேல் மடிப்புக்குள் கைப்பிடி முனையைச் செருகி ஒரு சுற்று தையுங்கள். பிறகு கைப்பிடியை மேல்நோக்கி நிமிர்த்தி விளிம்பை ஒட்டி இன்னொரு சுற்று. ஒரே சுற்றோடு விட்டால் தேங்காய் கனத்தில் கைப்பிடி தலைகீழாகத் திரும்பி நிற்கும்.

ஒவ்வொரு பையாக முடிக்க வேண்டாம். ஐம்பதுக்கும் முதல் தையல், பிறகு ஐம்பதுக்கும் திருப்பல், இஸ்திரி என்று போங்கள். ஒரு துண்டு முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்ததை ஊசிக்கடியில் தள்ளினால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

வீட்டில் சேர்ந்திருக்கும் ரவிக்கைத் துண்டுகளிலும் தைக்கலாம். 80 சென்டிமீட்டர் நீளமும் 44 பன்னாவும் இருந்தால் கைப்பிடியோடு நான்கு பை. 36 பன்னா என்றால் மூன்று. விரல் தெரியும் அளவுக்கு மெல்லிய துண்டானால் உள்ளே காடா துணி (முரட்டுப் பருத்தி) கொடுக்காமல் தேங்காயை நம்பிப் போடாதீர்கள்.

கடைக்குக் கொண்டுபோக மஞ்சப்பை தைத்தேன். அரிசி, பருப்பு போட்டால் கைப்பிடி பிய்ந்துகொண்டு வருகிறது. பை நிற்காமல் சாய்கிறது. மஞ்சள் தூளில் தோய்த்த நிறமும் வெளுத்துவிட்டது.
– வாசகர், திண்டுக்கல்

மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

கைப்பிடியை விளிம்பில் ஒற்றைத் தையலால் பிடித்திருப்பீர்கள். கனம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழுந்தால் துணியே கிழியும். கைப்பிடி முனை விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே இறங்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதன் நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போடுங்கள். பையின் உட்புறம் அதே இடத்தில் 2 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை ஒட்டுக் கொடுத்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும். கைப்பிடிக்கு ஒரு அங்குல அகலப் பருத்தி நாடாவே நல்லது. மெல்லிய பட்டை கையை அறுக்கும்.

சாயாமல் நிற்க அடிப்பாகம் வேண்டும். இரு பக்கமும் தைத்த பின், பை உள்பக்கம் வெளியே இருக்கும்போதே, அடி மூலையைப் பிடித்துப் பக்கத் தையல் அடி மடிப்பின் மேல் படியும்படி முக்கோணமாக்குங்கள். நுனியிலிருந்து 2 அங்குலம் உள்ளே அளந்தால் அந்த இடத்தில் முக்கோணத்தின் அகலம் 4 இருக்கும். அங்கே குறுக்கே இரட்டைத் தையல் போட்டு நுனியை வெட்டிவிடுங்கள். நுனியிலிருந்து எவ்வளவு அளக்கிறீர்களோ அதன் இரு மடங்கு அடி அகலம் கிடைக்கும். அகலம் 19, நீளம் 39 என்று வெட்டினால் 14 அகலம், 16 உயரம், 4 அடி உள்ள பை வரும். 44 பன்னாவில் 1.1 மீட்டர் வாங்கினால் இரண்டு பை. நாடா இரண்டேகால் மீட்டர்.

நிறத்துக்கு வழி கிடையாது. மஞ்சள் தூளின் சாயம் வெயிலில் நிற்காது. சோப்பின் காரம் பட்டால் சிவக்கவும் செய்யும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை வந்து, 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு மஞ்சள் நிறக் காடா பல கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கித் தையுங்கள்.

தைக்கும்போது மேலே நூல் அழகாக விழுகிறது. கீழே பார்த்தால் கூடு கட்டியதுபோல் சிக்கு. பாபின் கேஸ் மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகி, சேலம்

கீழே சிக்கு விழுந்தால் கோளாறு மேல் நூலில் இருக்கும். பாபினைக் குறை சொல்லிப் பயனில்லை. மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் மேலாக ஓடினால், அதை யாரும் பிடித்து இழுக்க ஆளில்லாமல் அளவுக்கு மீறி இறங்கிக் கீழே குவிகிறது. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நூல் கோக்க வேண்டும். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் ஒட்டிக்கொண்டு நூலை உள்ளே விடாது. கோத்த பின் பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். கை உணரும்படி இறுக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி நூலைக் கோத்துப் பாருங்கள்.

தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனைகளையும் மூன்று அங்குலம் விட்டுப் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளாவிட்டாலும் முதல் அரை அங்குலத்தில் இதே சிக்கு வரும். தையல் இடையிடையே விட்டுப் போனால் அது வேறு விஷயம்: ஊசி மழுங்கியிருக்கும், வளைந்திருக்கும், அல்லது முழுதும் மேலேறாமல் மாட்டியிருக்கும். பாப்ளின், கேம்ப்ரிக் துணிக்கு 14 ஆம் நம்பர் ஊசி. ஜீன்ஸ், கேன்வாஸ், பல அடுக்குத் துணிக்கு 16. பட்டு, மெல்லிய ரகத்துக்கு 11.

17 × 27 தலையணைக்கு அளந்துதான் உறை தைத்தேன். போடவே முடியவில்லை. பழைய உறை ஒன்று போட முடிகிறது, ஆனால் தலையணை வெளியே பிதுங்குகிறது. பட்டன், ஜிப் இல்லாமல் தைக்க வழி சொல்லுங்கள்.
– வாசகி, நாகர்கோவில்

இரண்டு இடங்களில் அளவு தவறியிருக்கலாம். புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்கும். 27 அங்குலத்தில் அது ஒரு அங்குலத்தைத் தாண்டவும் கூடும். வெட்டுவதற்கு முன் ஒரு இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட வேண்டும். அடுத்தது, புது இலவம்பஞ்சுத் தலையணை உப்பியிருக்கும். ஸ்கேலை மேலே வைத்து அளக்காமல், ஒரு ஓரத் தையலிலிருந்து எதிர்த் தையல் வரை டேப்பை மேடு வழியாக வளைத்து அளந்தால் 17 என்பது 18 ஆகக்கூட வரும். அந்த அளவுதான் சரி.

பட்டன் வேண்டாத உறைக்கு உள்மடல் வைத்துத் தைக்கலாம். அளந்தது 17 × 27 என்றே வைத்துக்கொள்வோம். ஒரே துண்டு: அகலம் 18, நீளம் 62. இரண்டு குறுகிய முனைகளையும் அரை அரை அங்குலமாக இரு மடிப்பு மடித்துத் தைத்துவிட்டால் நீளம் 60 ஆகும். அதாவது 27, 27, மடலுக்கு 6.

நல்ல பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் நீளவாக்கில் விரியுங்கள். இடது முனையிலிருந்து 27 அங்குலத்தில் மடித்து வலப்பக்கம் கொண்டுவாருங்கள்; நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கும். வலது ஓரத்தில் 6 அங்குலம் மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை மடிப்பின் மேலாக இடப்பக்கம் புரட்டிப் போடுங்கள். மேல், கீழ் நீள ஓரங்கள் இரண்டையும் அரை அங்குலத்தில் தையுங்கள்; மடல் இருக்கும் இடத்தில் மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்து, இரு முனையிலும் பின்தையல் (முன்னும் பின்னுமாகத் தைத்துப் பூட்டுவது) போடுங்கள். திருப்பினால் மடல் உள்ளே போய்த் தலையணையின் வாயை மூடிக்கொள்ளும். புரட்டாமல் மடலை அடியில் மடித்துத் தைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் திருப்பிய பின் மடல் வெளியே நிற்கும். மடலை 6க்குக் குறைத்தால் பிதுங்கும், நீங்கள் சொல்லும் பழைய உறையைப் போல.

44 பன்னாத் துணியில் இரண்டு உறை பக்கம் பக்கமாக வெட்டலாம். 1.7 மீட்டர் போதும். 36 பன்னா வாங்காதீர்கள். நனைத்த பின் இரண்டு பதினெட்டு வராது.

அடுப்புப் பாத்திரம் இறக்கப் பிடிதுணி தைத்துத் தோழிகளுக்குக் கொடுத்தேன். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்தேன். தடிமனாக இருந்தும் கை சுடுகிறதாம். ஒருவருடையது தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்டதாம்.
– வாசகி, கோயம்புத்தூர்

ஸ்பாஞ்சும் தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சும் சூட்டில் இளகும். பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகும். காயும் இரும்புக் கல் அந்தச் சூட்டுக்குப் போகக்கூடியது. கொடுத்தவற்றைத் திரும்ப வாங்கிவிடுவது நல்லது.

பிடிதுணியில் மேல் துணி, உள் அடுக்கு, ஓரப் பட்டை, நூல் எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். துணியின் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகப் பொடிந்தால் பருத்தி. சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் செயற்கை இழை, வேண்டாம்.

உள்ளே பழைய டர்க்கி டவல் மூன்று அடுக்கு. மேலும் கீழும் புதுத் துணி. எல்லாம் 8 அங்குலச் சதுரம். நான்கு, ஐந்து அடுக்கு டவல் வைத்தால் சூடு குறையும், ஆனால் விரல் மடங்காது. பிடி நழுவிக் குழம்பு கொட்டுவதற்கு அதுவே காரணமாகும். அடுக்குகளை மூலைக்கு மூலை பெரிய ஓட்டுத் தையலால் (மேலும் கீழுமாக இடைவெளி விட்டு ஓடும் தையல்) கையால் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அங்குல இடைவெளியில் சாய்வுக் கோடுகள் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் மேல் துணி தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் மடிப்பு விழும். 16 ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு எட்டுத் தையல். பிறகு நான்கு ஓரத்தையும் நேராகச் சீவிவிடுங்கள்.

ஓரத்துக்கு கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டிய 2 அங்குலப் பட்டை. நேர்ப் பட்டை மூலையில் வளையாது. சுற்றளவு 32, இணைப்புக்கு 4, மாட்டும் வளையத்துக்கு 5 என 41 அங்குலம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோடு ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுங்கள்: ஈரமாக இருக்கும்போது தொடக் கூடாது. உலர்ந்த துணியில் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் சூடு உடனே கைக்கு வரும்.

ஜிப் வைத்த சின்னப் பை தைக்கும்போது ரன்னர் கழன்று வந்துவிடுகிறது. லைனிங் தைத்து முடித்த பின் திருப்பவும் முடியவில்லை.
– வாசகர், திருச்சி

மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கும் ஜிப்புக்கு முனையில் தடை கிடையாது. அதனால் ரன்னரைக் கோத்த உடனே இரு முனையிலும் பற்களின் குறுக்கே கையால் நாலைந்து முறை தைத்துப் பூட்டிவிடுங்கள்.

9 அங்குல அகலப் பைக்கு மேல் துணி இரண்டு, லைனிங் இரண்டு, எல்லாம் 10 × 7. ஜிப்பை 8 அங்குலமாக வெட்டி, இரு முனையிலும் ஒன்றரை அங்குலத் துணித் துண்டு ஒட்டு வைத்து மொத்த நீளத்தை 10 ஆக்குங்கள். பக்கத் தையல் அந்தத் துணியின் மேல் விழும். ஊசி பல்லில் பட்டு ஒடியாது, மூலையும் குண்டாகத் துருத்தாது. மேல் துணியின் நல்ல பக்கமும் ஜிப்பின் முகமும் சேர வைத்து, அடியில் லைனிங்கின் நல்ல பக்கம் ஜிப்பின் முதுகைத் தொடும்படி வைத்து மூன்றையும் ஒரே தையலாகத் தையுங்கள். மறுபக்கமும் அப்படியே. ஜிப்பை ஒட்டி ஒரு மேல்தையல் போட்டால்தான் லைனிங் ரன்னரில் மாட்டாது.

இப்போது முக்கியமான இடம். மேல் துணி இரண்டையும் ஒரு பக்கமும் லைனிங் இரண்டையும் எதிர்ப்பக்கமும் சேர்த்துச் சுற்றித் தைப்பதற்கு முன் ஜிப்பை முக்கால்வாசி திறந்து வைக்க வேண்டும். லைனிங்கின் அடியில் 4 அங்குலம் தைக்காமல் விட வேண்டும். நீங்கள் விட்டது இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே. தைத்தாகிவிட்டது என்றால் லைனிங் அடித் தையலைப் பிரித்துக் கையை விட்டு ரன்னரைத் தேடுங்கள். மேல் துணியில் கத்தரி வைக்க வேண்டாம்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கடுகுத் தலையணை தைத்துக் கொடுக்கலாமா? பாட்டியின் பழைய வேட்டிகளும் புடவைகளும் நிறைய இருக்கின்றன.
– வாசகி, யாழ்ப்பாணம்

தலையணை வேண்டாம். ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் தலையணையோ மெத்தென்ற அடைப்புப் பொருளோ கூடாது, மூச்சடைக்கும் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. கடுகு உறை கிழிந்து கொட்டினால் வாய்க்கும் போகும்.

பழைய நாலு முழ வேட்டியைவிட நல்ல பரிசுத் துணி இல்லை. பலமுறை துவைத்ததில் சுருங்க வேண்டியது சுருங்கி, கஞ்சி போய் மிருதுவாகியிருக்கும். சரிகைக் கரை உறுத்தும், வெட்டி எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இழை விலகிய இடங்களைத் தவிர்த்து 22 அங்குலச் சதுரமாக வெட்டினால் ஒரு வேட்டியில் ஆறு துடைப்புத் துணி வரும். கால் அங்குல இரட்டை மடிப்பில் ஓரம் தைத்தால் போதும். புடவையானால் உட்காரும் இடம் நைந்திருக்கும். இடுப்பில் உள்ளே செருகும் முனையும் முந்தானையும்தான் கெட்டி. ஜப்லா (குழந்தைச் சட்டை) தைத்தால் பட்டனுக்குப் பதில் முடிச்சுக் கயிறு வையுங்கள், தையல் ஓரம் உடம்பில் படாமல் வெளிப்பக்கம் வரட்டும். தொங்கும் நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழந்தையின் விரலில் சுற்றி இறுக்கிவிடும்.

மெஷின் இல்லை. கையாலேயே தைத்துக் கொடுக்கக்கூடியது ஏதாவது?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பீரோவில் வைக்கும் வெட்டிவேர்ப் பை. மல் துணி அல்லது மெல்லிய காடா, 5 அகலம், 13 நீளம். குறுகிய முனைகளை அரை அங்குலம் மடித்துத் தைத்து, நடுவில் மடித்து, இரு ஓரத்தையும் கைப் பின்தையலால் (ஒவ்வொரு தையலையும் முந்தையது முடிந்த இடத்துக்குத் திரும்பிப் போடுவது) தையுங்கள். ஓட்டுத் தையல் போட்டால் வேர் இடைவெளி வழியே குத்திக்கொண்டு வெளியே வரும். திருப்பி, ஒரு அங்குலமாக நறுக்கிய வெட்டிவேரை முக்கால் பாகம் நிரப்பி, வாயை ரிப்பனால் கட்டுங்கள். நறுக்குவதற்கு முன் வேரை மண் போக அலசி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துப் பட்டுப்புடவையில் கறை படும். வாசனை மங்கினால் பையோடு வெயிலில் போட்டு எடுத்து, லேசாகக் கசக்கிவிட்டால் திரும்ப வரும்.

கடையில் கை ஊசி கேட்கும்போது கவனியுங்கள்: மெஷின் ஊசியில் நம்பர் ஏற ஏறத் தடிமன், கை ஊசியில் நம்பர் ஏற ஏற மெலிவு. இந்தத் துணிக்கு 8 அல்லது 9 கேளுங்கள்.

மதுரைச் சுங்குடியில் சோபா குஷன் உறை தைத்தேன். ஒருமுறை துவைத்ததும் தொளதொளவென்று ஆகிவிட்டது, சாயமும் இறங்குகிறது. உப்பு நீரில் போடலாமா?
– வாசகி, சென்னை

மற்றப் பருத்தி சுருங்கும்; முடிச்சுப் போட்ட சுங்குடி முதலில் விரியும். புள்ளிகளில் முடிச்சின் சுருக்கம் நிற்பதால் வெட்டும்போது துணி சிறிதாகத் தெரிகிறது. நனைத்து, நீவி, இஸ்திரி போட்ட பிறகே அளந்து வெட்ட வேண்டும். 16 அங்குலக் குஷனுக்குத் தையலையும் சேர்த்தே 16 வெட்டுங்கள். முடிந்த உறை 15 இருந்தால்தான் பஞ்சு விம்மி நிற்கும்.

உப்பு சாயம் ஏற்றும்போது உதவும், ஏறாமல் மேலே நிற்கும் சாயத்தைப் பிடித்து வைக்காது. அதிகப்படிச் சாயம் போகும் வரை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுவதுதான் வழி. ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்துக் கறை படாத பிறகு சோபாவில் போடுங்கள்.

மிக்ஸிக்கு உறை: எப்படி அளப்பது?
– வாசகி, ஈரோடு

ஜார் மாட்டியபடி உயரம், முன்னகலம், பக்க ஆழம் மூன்றையும் அளந்து ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் கூட்டுங்கள். முன்னும் பின்னும் அகலம் × உயரம் அளவில் இரண்டு துண்டு. பக்க ஆழத்தின் அளவே அகலமாக, இரு உயரமும் ஒரு முன்னகலமும் சேர்ந்த நீளத்தில் ஒரு பட்டை. தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலமும் அடி மடிப்புக்கு ஒரு அங்குலமும் விடுங்கள். பட்டை மேல் மூலையில் திரும்பும் இடத்தில் தையல் கோடு வரை சிறு வெட்டு ஒன்று கொடுத்தால் மூலை சுருங்காமல் சதுரமாக உட்காரும். உள்ளே பிளாஸ்டிக் லைனிங் கொடுத்தால் ஈரம் அடையும். கெட்டியான கேஸ்மெண்ட் துணி ஒன்றே போதும். அரைத்து முடித்ததும் மோட்டார் சூடு ஆறிய பிறகே உறையைப் போடுங்கள்.